உறவுக்குப் பிறகு பயமா? பால்வினை நோய் பரிசோதனை: எந்த டெஸ்ட், எந்த நாளில்

அதிகம் பழக்கமில்லாத ஒருவரோடு உறவு வைத்துக்கொண்டாயிற்று. ஆணுறை கிழிந்திருக்கலாம், போடாமல் விட்டிருக்கலாம், போட்டும் மனசு கேட்காமல் இருக்கலாம். தூக்கம் போய், ராத்திரி முழுக்க போனில் நோய் அறிகுறிகளைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நானும் இந்த வழியாகப் போய் வந்திருக்கிறேன். அலைந்ததில் பாதி வீண் அலைச்சல். எந்த டெஸ்டை எந்த நாளில் எடுக்க வேண்டும் என்று முதல் நாளே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், பயமும் பாதியாகக் குறைந்திருக்கும். இந்த விஷயத்தில் எல்லாமே தேதிக் கணக்கு. நாள் வராமல் எடுத்த டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்தாலும் நிம்மதி தராது. நாள் கடந்து எடுத்த டெஸ்ட் நெகட்டிவ் என்றால் அதை நம்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம்.

## 1. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்: 72 மணி நேரம் ஆகிவிட்டதா?

ஆகவில்லை என்றால் மற்றதையெல்லாம் அப்புறம் படிக்கலாம். முதலில் இதைச் செய்யுங்கள்.

எச்.ஐ.வி உடம்பில் நிலைகொள்வதற்கு முன்பே தடுக்க மருந்து இருக்கிறது. பெப் என்று சொன்னால் டாக்டர்களுக்குத் தெரியும். உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். 72 என்பது கடைசிக் கெடு, அதுவரை காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு பலன்.

ஆணுறை இல்லாமல், அல்லது ஆணுறை கிழிந்து, பெண்ணுறுப்பு வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ உறவு நடந்து, எதிராளிக்கு எச்.ஐ.வி இருக்கிறது அல்லது இருக்கிறதா என்று தெரியாது என்றால் இந்த மருந்தைப் பற்றிக் கேட்க வேண்டும். முத்தம், கட்டிப்பிடித்தது, கையால் தொட்டது இதற்கெல்லாம் தேவையில்லை. வாய்வழி உறவில் எச்.ஐ.வி பரவும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. வாயில் ரத்தம், புண் இருந்தது போன்ற நிலைமைகளில் மட்டும் டாக்டர் யோசிப்பார்.

எங்கே போவது? பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு, அல்லது எச்.ஐ.வி சிகிச்சை மையம். காலையில் ஓ.பி. திறக்கட்டும், திங்கட்கிழமை போகலாம் என்று தள்ளாதீர்கள். உள்ளே போய்க் கதை சொல்ல வேண்டாம். "எச்.ஐ.வி தொற்ற வாய்ப்பு இருந்த உறவு நடந்து இத்தனை மணி நேரம் ஆச்சு, பெப் மருந்து பற்றி டாக்டரைப் பார்க்கணும்." இது போதும். எத்தனை மணி நேரம் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அவசரம் புரியும். அங்கே யாராவது "அப்படி ஒரு மருந்தே கிடையாது" என்றால் நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள். எனக்கும் முதலில் அந்தப் பதில்தான் கிடைத்தது. பணியில் இருக்கும் மருத்துவரையே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், இல்லையேல் அடுத்த மருத்துவமனைக்குப் போங்கள்.

மருந்து தொடங்கும்போது எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்), சிறுநீரகச் செயல்பாட்டுக்கான கிரியேட்டினின் ஆகியவற்றுக்கு ரத்தம் எடுப்பார்கள். அந்த ரிசல்ட் வரும்வரை முதல் மாத்திரைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஹெபடைடிஸ் பி இருப்பவர்கள் இந்த மருந்தைத் தானாக நிறுத்தினால் கல்லீரலுக்குப் பாதிப்பு வரலாம். அதனால் அந்த ரிசல்ட்டை வாங்காமல் விடாதீர்கள். இப்போது பரவலாகத் தரும் மாத்திரைகளில் டோலுடெக்ராவிர் இருக்கும். அதோடு சேர்த்து அலுமினியம், மக்னீசியம் உள்ள அசிடிட்டி மருந்து, கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்பு, அல்லது 6 மணி நேரம் பின்பு இந்த மாத்திரையைப் போட வேண்டும். மருந்துச் சீட்டில் இதை யாரும் எழுதித் தருவதில்லை.

இதே அவசரத்தோடு செய்ய இன்னும் இரண்டு வேலை உண்டு. கர்ப்பம் ஆகிவிடுமோ என்ற கவலை இருந்தால் அவசரக் கருத்தடை மாத்திரை. லெவோனார்ஜெஸ்ட்ரல் 72 மணி நேரத்துக்குள், யூலிப்ரிஸ்டல் 120 மணி நேரத்துக்குள். காப்பர்-டி பொருத்திக்கொள்ள 5 நாள் வரை அவகாசம் உண்டு. அடுத்தது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. இதுவரை போட்டதில்லை என்றால் முதல் ஊசியை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. உறவு வழியான தொற்றுக்கு 14 நாள் வரைகூடப் பலன் இருக்கிறது.

உங்கள் சம்மதம் இல்லாமல் நடந்திருந்தால், குளிப்பதற்கும் உடை மாற்றுவதற்கும் முன்பே மருத்துவமனைக்குப் போங்கள். குளித்துவிட்டிருந்தாலும் பரவாயில்லை, போங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். சிகிச்சைக்கு அது தடையாக இருக்கக் கூடாது.

## 2. நடந்ததை ஒரு சீட்டில் எழுதுங்கள்

தேதி, நேரம். எந்த வழியில் உறவு, ஆணுறை இருந்ததா, கிழிந்ததா. வாய்வழி உறவு இருந்ததா, யார் யாருக்கு. எதிராளி கடைசியாக எப்போது டெஸ்ட் எடுத்தார், தெரிந்தால். நீங்கள் சமீபத்தில் ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீர்களா. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, எச்.பி.வி (மருவும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் உண்டாக்கும் வைரஸ்) தடுப்பூசி போட்டதுண்டா. யார் பெயரும் வேண்டாம்.

டாக்டர் முன்னால் வாய் குழறும், முக்கியமானது விட்டுப்போகும். அதற்காகத்தான் இந்தச் சீட்டு. அதைவிடப் பெரிய காரணம், சாம்பிளை எந்த இடத்தில் எடுப்பது என்பதே இதை வைத்துத்தான் முடிவாகும். தொண்டையில் இருக்கும் கொனோரியா சிறுநீர் டெஸ்டில் தெரியாது. ஆசனவாயில் இருப்பதும் தெரியாது. வாய்வழி உறவைச் சொல்லக் கூச்சப்பட்டு, சிறுநீர் மட்டும் கொடுத்து, நெகட்டிவ் என்று நிம்மதியாகிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஆணுறை எச்.ஐ.வி, கொனோரியா, கிளமிடியா மூன்றையும் நன்றாகவே தடுக்கும். சிபிலிஸ், ஹெர்பீஸ், எச்.பி.வி இவை தோலோடு தோல் பட்டாலே பரவக்கூடியவை. ஆணுறை மூடாத இடத்தில் பட்டால் தொற்றலாம். ஆணுறை போட்டவர்களும் கீழே உள்ள தேதிகளைப் பார்த்துக்கொள்வது இதனால்தான். கழிப்பறை இருக்கை, துண்டு, நீச்சல் குளம் வழியாக எச்.ஐ.வி பரவாது.

## 3. தேதிகளைக் காலண்டரில் குறியுங்கள்

உடம்பில் கிருமி நுழைந்த நாளுக்கும் டெஸ்டில் அது தெரியும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. விண்டோ பீரியட் என்பார்கள். ஒவ்வொரு நோய்க்கும் அது வேறு வேறு. ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிடலாம் என்று போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

2 வாரம். கிளமிடியா, கொனோரியா. சிறுநீர் அல்லது ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்கும் சாம்பிள்) எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட். பி.சி.ஆர். என்றோ நாட் என்றோ எழுதியிருக்கும். ரத்தத்தில் எடுக்கும் கிளமிடியா ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பொருள்) டெஸ்ட் இதற்குப் பயன்படாது, லேபில் அதைப் பரிந்துரைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

45 நாள். எச்.ஐ.வி. கை நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட், அதாவது ஆன்டிஜென் (கிருமியின் துணுக்கு), ஆன்டிபாடி இரண்டையும் பார்ப்பது, 45 நாளில் நெகட்டிவ் என்றால் அந்த உறவைப் பொறுத்தவரை முடிந்தது. 4 வாரத்திலேயே பெரும்பாலான தொற்றுகளை அது பிடித்துவிடும் என்பதால், பொறுக்கவே முடியாதவர்கள் 28-ஆம் நாளில் ஒன்று எடுக்கலாம், ஆனால் 45-இல் மறுபடி எடுக்கத்தான் வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரேபிட் டெஸ்ட், வீட்டிலேயே செய்யும் கிட் இவற்றுக்கு 90 நாள் கணக்கு. இந்த வித்தியாசத்தை யாரும் தாமாகச் சொல்வதில்லை. உங்களுக்கு எடுப்பது எந்த வகை என்று கேட்டே ஆக வேண்டும்.

பெப் மருந்து சாப்பிட்டவர்களுக்கு 45 நாள் கணக்கு பொருந்தாது. மருந்து அறிகுறியையும் ரிசல்ட்டையும் தள்ளிப்போடக்கூடும் என்பதால் 12 வாரம் வரை டாக்டர் தேதி கொடுப்பார்.

12 வாரம். சிபிலிஸ் கடைசி டெஸ்ட், ஹெபடைடிஸ் பி. சிபிலிஸ் உடம்பில் நுழைந்து 10 முதல் 90 நாளுக்குள் புண்ணாக வெளிப்படும், சராசரியாக 3 வாரம். வலிக்காத புண் என்பதால் பலர் கவனிப்பதே இல்லை. வாய்க்குள்ளோ ஆசனவாயிலோ வந்தால் கண்ணுக்கே படாது. 45-ஆம் நாள் எச்.ஐ.வி-க்கு ரத்தம் கொடுக்கும்போதே சிபிலிஸுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, 12 வாரத்தில் இன்னொரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆண்களுக்குள் ஆசனவாய் வழி உறவு, ஊசி பகிர்ந்துகொண்டது, ரத்தம் பட்டது என்றால் ஹெபடைடிஸ் சி டெஸ்டையும் அதே நாளில் சேர்க்கலாம்.

உதாரணமாக உறவு ஜனவரி 1 என்றால் சிறுநீர், ஸ்வாப் ஜனவரி 15. ரத்தம் பிப்ரவரி 15. கடைசி ரத்தம் மார்ச் 26. லீப் வருடமாக இருந்தால் மார்ச் 25. இரண்டு முறைக்கு மேல் போக முடியாது, கையில் பணமும் இல்லை என்றால் 2 வாரத்தில் சிறுநீர், 12 வாரத்தில் எல்லா ரத்த டெஸ்டும். நடுவில் உள்ளதை விட்டுவிடலாம், காத்திருப்பதுதான் கஷ்டம்.

இந்தத் தேதிகளெல்லாம் அறிகுறி இல்லாதவர்களுக்கு. உறுப்பில் சீழ் அல்லது வெள்ளை ஒழுக்கு, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், புண், கொப்புளம், விரையில் வலி, அடிவயிற்று வலி, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு, 2 முதல் 4 வாரத்துக்குள் காய்ச்சலோடு தொண்டைவலி, இவற்றில் எது வந்தாலும் காலண்டரை மூடிவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள். ஹெர்பீஸ் புண் என்றால் புதிதாக இருக்கும்போதே ஸ்வாப் எடுத்தால்தான் தெரியும். ஆறிய பிறகு போய்ப் பலனில்லை.

காத்திருக்கும் நாட்களில் கணவனோ மனைவியோ காதலரோ யாராக இருந்தாலும் ஆணுறையோடு மட்டும், முடிந்தால் உறவே வேண்டாம். இன்னொன்று மிக முக்கியம்: இலவசமாக எச்.ஐ.வி டெஸ்ட் ஆகிவிடும் என்று ரத்த தானம் செய்யப் போகாதீர்கள். விண்டோ பீரியடில் இருக்கும் ரத்தம் டெஸ்டில் தப்பி இன்னொரு நோயாளிக்கு ஏறிவிடலாம்.

## 4. எங்கே எடுப்பது, என்ன செலவு, என்ன கொண்டுபோவது

அரசு மருத்துவமனைகளிலும் பொதுச் சுகாதார மையங்களிலும் எச்.ஐ.வி டெஸ்ட் பல நாடுகளில் இலவசம். கவுன்சலரும் இருப்பார். அவரை ஒரு சடங்காக நினைக்க வேண்டாம். உங்கள் சீட்டைக் காட்டி அரை மணி நேரம் பேசினால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருக்காது. சிபிலிஸ் டெஸ்டையும் அங்கேயே பெரும்பாலும் எடுத்துவிடலாம். தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர் என்று போர்டு போட்டிருப்பவர்தான் நீங்கள் பார்க்க வேண்டிய டாக்டர்.

தனியார் லேபுக்குப் போகிறீர்கள் என்றால், எச்.ஐ.வி, சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி ரத்த டெஸ்டுகள் விலை குறைந்தவை. செலவு ஏறுவது பி.சி.ஆர். டெஸ்டுகளில்தான். அதனால் "முழு பால்வினை நோய் பேக்கேஜ்" என்று ஒரே விலையில் நீட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அறிகுறி இல்லாதவருக்கு ஹெர்பீஸ் ரத்த டெஸ்ட் தேவையில்லை. தவறான பாசிட்டிவ் வந்து வீண் பயத்தில் தள்ளிவிடும். யூரியாபிளாஸ்மா, மைக்கோபிளாஸ்மா ஹோமினிஸ் என்ற கிருமிகள் நலமாக இருப்பவர்கள் பலர் உடம்பிலும் இருப்பவை, தேடிக் கண்டுபிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. எச்.ஐ.வி பி.சி.ஆர். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும். இவற்றை நீக்கச் சொன்னால் பேக்கேஜ் பாதியாகக் குறையும்.

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை (எல்லா இடத்திலும் கேட்கமாட்டார்கள்), பழைய ரிப்போர்ட், தடுப்பூசி அட்டை, சாப்பிடும் மருந்துகளின் பெயர், டாக்டர் எழுதிய சீட்டு இருந்தால் அது. எச்.ஐ.வி டெஸ்டுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கலாம், படித்துவிட்டுப் போடுங்கள். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். பெயர் சொல்லாமல் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ரகசியம் வெளியே போவது பெரும்பாலும் சின்னச் சின்ன வழிகளில். லேபில் ஏற்கெனவே அப்பாவின் போன் நம்பரில் உங்கள் பெயர் பதிவாகியிருந்தால் ரிப்போர்ட் அவருக்குப் போகும். நம்பரையும் மெயிலையும் கவுன்டரிலேயே சரிபார்த்து மாற்றச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து சாம்பிள் எடுப்பதை, குடும்பத்தோடு இருப்பவர்கள் தவிர்க்கலாம். குடும்பத்துக்கான இன்ஷூரன்ஸ் பாலிசியில் பில் போட்டால் அதன் விவரம் பாலிசிதாரருக்குப் போகக்கூடும். டெஸ்ட் பெயரைக் கவுன்டரில் உரக்கச் சொல்லக் கூச்சமாக இருந்தால், எழுதிய சீட்டை நீட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அவர் படித்துத் தலையாட்டி, ஒரு வார்த்தை பேசாமல் பில் போட்டுக் கொடுத்தார்.

## 5. சாம்பிள் கொடுக்கும் நாள்

சிறுநீர் டெஸ்டுக்கு முன்பு குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. முதலில் வரும் சிறுநீரைத்தான் பிடிக்க வேண்டும், 20 முதல் 30 மில்லி போதும். சாதாரண சிறுநீர்ப் பரிசோதனைக்கு முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்வார்கள். பழக்கத்தில் லேப் ஊழியர் இங்கேயும் அதையே சொல்லக்கூடும். அப்படிப் பிடித்தால் கிருமி கழுவிப் போயிருக்கும். டப்பாவை நிரப்பவும் வேண்டாம், நீர்த்துப்போகும். பெண்களுக்குச் சிறுநீரைவிடப் பெண்ணுறுப்பு ஸ்வாப் துல்லியம். அதைத் தாங்களாகவே கழிப்பறையில் எடுத்துக் கொடுக்கலாம்.

உறவுக்குப் பிறகு மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் போட்டுக்கொள்வது நிறையப் பேர் செய்வது. தயவுசெய்து வேண்டாம். கிருமி பாதி செத்துப் பாதி பிழைத்திருக்கும், ரிசல்ட் குழம்பும், சிபிலிஸ் மறைந்து நிற்கும். கிருமிநாசினி ஊற்றி உறுப்பைக் கழுவுவதும் அப்படித்தான், தோல் வெந்து புண்ணாவதுதான் மிச்சம்.

## 6. ரிப்போர்ட்டைப் படிப்பது

நான்-ரியாக்டிவ் என்றால் நெகட்டிவ். அதன் பக்கத்தில் 0.08, 0.3 என்று ஓர் எண் இருக்கும். பெரும்பாலான மெஷின்களில் 1.0-க்குக் கீழே எதுவானாலும் நெகட்டிவ்தான். போன தடவை 0.08, இந்தத் தடவை 0.3, ஏறிக்கொண்டே போகிறதே என்று கணக்குப் போட வேண்டாம். அந்த ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தமில்லை.

ரியாக்டிவ் என்றாலும் அது முடிவல்ல. எச்.ஐ.வி-யில் ஒரே டெஸ்டை வைத்து யாரும் உறுதி சொல்லக் கூடாது, வேறு டெஸ்டுகளால் உறுதிசெய்ய வேண்டும். சிபிலிஸில் வி.டி.ஆர்.எல். என்ற முதல்கட்ட ரத்த டெஸ்ட் கர்ப்பம், வேறு சில நோய்கள் காரணமாகவும் பாசிட்டிவ் காட்டும், டி.பி.எச்.ஏ. என்ற உறுதிப்படுத்தும் டெஸ்டை எடுத்துத்தான் தீர்மானிப்பார்கள். ஒரு தடவை சிபிலிஸ் வந்து குணமானவருக்கு டி.பி.எச்.ஏ. பெரும்பாலும் ஆயுள் முழுக்க பாசிட்டிவாகவே இருக்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டவருக்கு ஆன்டி-எச்.பி.எஸ். (அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி) 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்து நோய் என்று பயந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

## 7. பாசிட்டிவ் என்று வந்தால்

கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ் மூன்றும் குணமாகக்கூடியவை. கிளமிடியாவுக்கு ஒரு வார மாத்திரை. கொனோரியாவுக்கு ஊசி. ஆரம்பநிலை சிபிலிஸுக்குப் பென்சிலின் ஊசி ஒரே தடவை. அந்த ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் காய்ச்சல், உடம்புவலி வரலாம். கிருமி சாவதால் வருவது, தானாக அடங்கும். பென்சிலின் அலர்ஜி இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்குப் பின் குறைந்தது 7 நாள், சிபிலிஸ் புண் இருந்தால் அது முழுக்க ஆறும்வரை, உறவு கூடாது. கிளமிடியா, கொனோரியாவுக்கு உடனே மறுடெஸ்ட் எடுக்காதீர்கள், செத்த கிருமியின் மரபணுவே சில வாரம் பாசிட்டிவ் காட்டும். டாக்டர் முன்னதாகவே எடுக்கச் சொன்னால் தவிர, 3 மாதம் கழித்து எடுங்கள். சிபிலிஸில் டைட்டர் எண் (ரத்தத்தில் ஆன்டிபாடி எவ்வளவு என்று காட்டும் அளவு) நான்கில் ஒரு பங்காகக் குறைகிறதா என்று பார்ப்பார்கள், அதற்கு ஒரே லேபில் ஒரே வகை டெஸ்டாக எடுக்க வேண்டும்.

எச்.ஐ.வி உறுதியானால் அன்றே சிகிச்சை தொடங்க முடியும். தினமும் மாத்திரை. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக அது யாருக்கும் பரவாது. கல்யாணம், குழந்தை எல்லாம் உண்டு.

கடினமான வேலை, கூட இருந்தவரிடம் சொல்வது. "எனக்கு டெஸ்டில் இது வந்திருக்கு, நீங்களும் எடுத்துக்கோங்க" என்று ஒரே ஒரு மெசேஜ் போதும். யாரிடமிருந்து யாருக்கு என்ற விசாரணை வேண்டாம், அதை டெஸ்ட் சொல்லாது. நேரில் சொல்ல முடியாவிட்டால் உங்கள் பெயரைச் சொல்லாமல் தகவல் தர முடியுமா என்று கவுன்சலரிடம் கேட்டுப் பாருங்கள். சொல்லாமல் விட்டால் அவருக்குச் சிகிச்சை கிடைக்காது, உங்களுக்கும் திரும்ப வரலாம்.

## 8. எல்லாம் நெகட்டிவ், பயம் மட்டும் போகவில்லை என்றால்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இதுதான். பயத்திலேயே நாக்கு வறளும், தசை துடிக்கும், தூக்கமில்லாமல் உடம்பு இளைக்கும். அதையெல்லாம் நோயின் அறிகுறி என்று மனசு எடுத்துக்கொள்ளும். எச்.ஐ.வி-யை அறிகுறி வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது, டெஸ்ட் மட்டும்தான் சொல்லும். சரியான நாளில் சரியான டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் வந்துவிட்டால் இன்னொரு லேபில் எடுப்பதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. மறுபடி எடுக்க வேண்டும் என்ற உந்துதல் வந்துகொண்டே இருந்தால், தினமும் கண்ணாடி முன்னால் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். குற்ற உணர்ச்சி நோய்ப் பயமாக வேஷம் போட்டு வருவது அவர்களுக்குப் புதிதல்ல. செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற எண்ணம் வந்தால் நாளை வரை காத்திருக்காமல் இப்போதே நம்பகமான ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

## 9. அடுத்த உறவுக்கு முன்பு

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பெரியவர்களுக்கு வழக்கமாக மூன்று டோஸ்: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, 6-ஆம் மாதம் மூன்றாவது. மூன்றாவதை மறந்துவிடுபவர்கள்தான் அதிகம், இன்றே காலண்டரில் குறியுங்கள். எச்.பி.வி தடுப்பூசியை ஆண்களும் போட்டுக்கொள்ளலாம். பெண்கள் அதைப் போட்டாலும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை விடக் கூடாது. இதுபோன்ற உறவுகள் தொடரும் என்றால் எச்.ஐ.வி வராமல் முன்கூட்டியே சாப்பிடும் ப்ரெப் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதைத் தொடங்கும் முன் எச்.ஐ.வி நெகட்டிவ் என்று உறுதியாக வேண்டும், பிறகு 3 மாதத்துக்கு ஒரு முறை டெஸ்ட். அந்த டெஸ்டோடு சிபிலிஸ், கிளமிடியா, கொனோரியாவையும் சேர்த்துக்கொண்டால் தனியாக நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.